விசிலை விட்டு நிமிடத்தை எண்ணுங்கள்: குக்கரில் உருளைக்கிழங்கு ஆவியில் வேகும் கணக்கு

உருளைக்கிழங்குக்கு எத்தனை விசில் என்று கேட்டால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்கு வீடு ஒரு பதில் கிடைக்கும். ஒருவர் மூன்று என்பார், அடுத்த வீட்டு அக்கா ஐந்து என்பார், லயன் வீட்டில் விறகடுப்போடு பழகிய பாட்டி மணம் வந்ததும் இறக்கு என்பார். மூவரும் சொல்வது அவரவர் அடுப்புக்கும் அவரவர் குக்கருக்கும் சரி. அந்தக் கணக்கை அப்படியே இன்னொரு அடுப்புக்குக் கொண்டு போனால்தான் தகராறு. கிழங்கு ஒன்று குழைந்து தண்ணீரோடு போகும், இல்லையென்றால் வெளியே மாவாகி நடுவில் கடுக்கென்று நிற்கும்.

விசில் என்பது நேரத்தைச் சொல்வதில்லை. குக்கருக்குள் அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் மேலே இருக்கும் வெயிட் தூக்கிக்கொள்கிறது, மிஞ்சிய ஆவி வெளியே போகிறது, வெயிட் திரும்ப உட்காருகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அடுப்பை முழுத் தீயில் வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒரு விசில் வரும். சிறு தீயில் வைத்தால் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒன்று வரும். ஆக, நாலு விசில் என்பது இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம், பன்னிரண்டு நிமிடமாகவும் இருக்கலாம். இரண்டு நேரத்திலும் உள்ளே இருக்கும் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். கிழங்குக்குத் தெரிவது சூடும் நேரமும் மட்டுமே.

இந்தியாவில் செய்யப்படும் வெயிட் வைத்த குக்கர்கள் பெரும்பாலும் ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தத்தில் வேலை செய்பவை. பழைய கணக்கில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரி வரை ஏறும். இந்த 20 டிகிரிதான் குக்கரின் முழுச் சாமர்த்தியமும். 1679இல் டெனி பாப்பென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி எலும்பை மென்மையாக்குவதற்காக லண்டனில் செய்த மூடிய பாத்திரமும் இதே தத்துவத்தில் இயங்கியதுதான். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை விடும் வால்வையும் அவரே அதில் வைத்தார். நம் வீட்டு வெயிட் அந்த வால்வின் வழிவந்தது.

கிழங்குக்குள் என்ன நடக்கிறது

உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. வேகும்போது இரண்டு வேலை தனித்தனியாக நடக்கிறது. முதலாவது, 60 முதல் 70 டிகிரிக்குள் மாவுச்சத்து மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பும். இரண்டாவது, 80 டிகிரிக்கு மேல் போகப் போக, செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரையத் தொடங்கும். கிழங்கு மெத்தென்று ஆவது இந்த இரண்டாவது வேலையால்தான். மாவு வெந்துவிட்டாலும் பெக்டின் கரையவில்லை என்றால் கிழங்கு கடுக்கத்தான் செய்யும்.

இப்போது 120 டிகிரியை நினைத்துப் பாருங்கள். பெக்டின் கரைவது 100 டிகிரியில் நடப்பதைவிடப் பல மடங்கு வேகமாக நடக்கும். ஆனால் வெளியில் இருக்கும் சூடு கிழங்கின் நடுவுக்குப் போய்ச் சேரும் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கிழங்குச் சதை சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் குக்கரில் பெரிய கிழங்கை முழுசாகப் போட்டால், நடு வேகும் முன்பே வெளிப்புறம் அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கிழங்கைக் குறுக்கே வெட்டினால் மூன்று வளையம் தெரியும்: வெளியே உதிரும் வெள்ளை மாவு, அதற்குள் மெழுகு போலப் பளபளக்கும் மெல்லிய வளையம், நடுவில் பச்சை வாசம் மாறாத மஞ்சள் வட்டம். சாதாரணச் சட்டியில் வேகவைக்கும்போது இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. குக்கரில்தான் அளவு பார்த்துப் போடுவது கட்டாயம் என்று சொல்வது இதனால்தான்.

அளவு என்றால் எடை அல்ல, தடிமன். சூடு நடுவுக்குப் போய்ச் சேரும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 5 செ.மீ. குறுக்களவுள்ள கிழங்கு 10 நிமிடம் கேட்டால், 7 செ.மீ. கிழங்கு ஏறக்குறைய 20 நிமிடம் கேட்கும். பார்வைக்குக் கொஞ்சம்தான் பெரிசு, நேரமோ இரண்டு மடங்கு. மாறாக, ஒரே அளவுள்ள கிழங்கை அரைக் கிலோ போட்டாலும் இரண்டு கிலோ போட்டாலும் அழுத்தம் ஏறிய பிறகு வேகவேண்டிய நேரம் மாறாது. அழுத்தம் ஏறுவதற்குத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும். கிழங்கு நிறைய இருக்கிறதே என்று கூட இரண்டு விசில் விடுவது இந்த விஷயம் தெரியாததால் வரும் தவறு. தைப்பூசத்துக்கோ கோயில் அன்னதானத்துக்கோ பெரிய குக்கரில் போடும்போது கிழங்கு கூழாகிப் போவதற்கு இதுவே முதல் காரணம்.

ஆகவே கடையில் வாங்கும்போதே ஒரே அளவாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பெரிசும் சிறிசும் கலந்து கிடந்தால், பெரியதைப் பாதியாக வெட்டிச் சிறியதன் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வேகும்.

தண்ணீருக்கு மேலே

கிழங்கை முங்க முங்கத் தண்ணீர் ஊற்றி வேகவைப்பதுதான் பல வீடுகளில் பழக்கம். சாப்பிடலாம், கெட்டுப்போகாது. ஆனால் தோல் வெடித்த இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கும். வைட்டமின் சி, பொட்டாசியம் போன்றவை வெளியே வந்து, நாம் கொட்டும் தண்ணீரோடு போகும். அதைவிட, சமையலில் கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம் ஈரம். தண்ணீரில் வெந்த கிழங்கை மசித்து கட்லட்டோ பெர்கெடிலோ (மலாய்க்காரர் பொரிக்கும் கிழங்கு உருண்டை) பிடித்தால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகும். மாவைக் கூடப் போட்டுச் சமாளிப்பார்கள், அப்புறம் கடித்தால் ரப்பர் மாதிரி இருக்கும். ஆவியில் வெந்த கிழங்குக்கு இந்தத் தொல்லை குறைவு.

குக்கரில் ஆவிக்கு வைப்பது கடினமான காரியமில்லை. அடியில் ஒரு கம்பி ஸ்டாண்டு, அதன் மேல் ஓட்டை உள்ள தட்டு. குக்கரோடு வந்த தட்டு தொலைந்துபோயிருந்தால், குக்கருக்குள் அடங்கும் இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து வைத்தாலும் சரி, எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை வைத்தாலும் சரி. கிழங்கு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும், கொதிக்கும்போது தெறிக்கும் தண்ணீரும் அதை நனைக்கக்கூடாது. தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி போதும்.

தண்ணீர் எவ்வளவு? 3 லிட்டர் குக்கருக்கு ஒன்றரை கப், அதாவது 350 மி.லி. அளவு. 5 லிட்டருக்கு இரண்டு கப். தீயைக் குறைத்து வைத்தால் இருபது நிமிடத்துக்கு இது தாராளமாகத் தாங்கும். முழுத் தீயில் விட்டு விசிலடிக்க விட்டால், ஒவ்வொரு விசிலிலும் தண்ணீர் குறையும். அடி வற்றிக் காய்ந்துபோனால் மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு உருகும். உருகுவதே அதன் கடமை. அதை மாற்றும்போது அதே கம்பெனி வால்வையே போடவேண்டும். பொருந்துகிறதே என்று வேறு எதையாவது திருகிவிடுவது ஆபத்து.

அலுமினியக் குக்கரின் உள்புறம் கறுக்காமல் இருக்க, தண்ணீரில் ஒரு துண்டுப் புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடும் பழக்கம் நல்ல பழக்கம். ஆவியில் வைத்தால் அந்தப் புளிப்பு கிழங்கில் ஏறாது. ஆனால் கிழங்கு அதே தண்ணீருக்குள் கிடந்தால் கதை வேறு, அதைப் பின்னால் பார்ப்போம்.

செய்முறை

கிழங்கைத் தோலோடு தேய்த்துக் கழுவுங்கள். முழுசாக வேகவைப்பதாக இருந்தால், கத்தி நுனியால் கிழங்கின் இடுப்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். தோல் மட்டும் கீறினால் போதும். வெந்த பிறகு இரண்டு பக்கமும் தோலைப் பிடித்து இழுத்தால் தொப்பி கழற்றுவது போல வந்துவிடும், கண்ட இடத்தில் வெடிப்பதும் குறையும்.

தட்டில் அடுக்கும்போது நெருக்கித் திணிக்காதீர்கள். ஆவி சுற்றிவர வழி வேண்டும். குக்கரின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. மூடியை மாட்டும் முன் ஆவிக்குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை வழியே வெளிச்சம் தெரியவேண்டும். நேற்று வைத்த பருப்பின் நுரை காய்ந்து அடைத்திருப்பது சாதாரணமாக நடக்கும்.

மூடியபின் உடனே வெயிட் போடவேண்டாம். முழுத் தீயில் வைத்து, குழாயில் இருந்து ஆவி நேராக, விடாமல், சீறிக்கொண்டு வரும் வரை பொறுங்கள். உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறுவதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. காற்றும் ஆவியும் கலந்து கிடந்தால், வெயிட் தூக்கும் அழுத்தம் வந்துவிடும், ஆனால் உள்ளே 120 டிகிரி சூடு வந்திருக்காது. விசில் வந்தும் கிழங்கு வேகவில்லை என்ற புகாரில் பாதி இதனால் வருவது. ஆவி சீறியபின் வெயிட்டைப் போடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிசாக்குங்கள். வெயிட் தூக்காமல், லேசாகச் சுசுவென்று முனகிக்கொண்டு இருக்கும் அளவு தீ போதும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது இந்த நொடியில் இருந்துதான்.

5 முதல் 6 செ.மீ. கிழங்கு முழுசாக என்றால் 10 முதல் 12 நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து அழுத்தம் தானே இறங்கும் வரை விடவேண்டும். அதற்கு எட்டு பத்து நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்திலும் கிழங்கு வெந்துகொண்டுதான் இருக்கும், 10, 12 நிமிடம் போதும் என்பது அதையும் மனதில் வைத்துத்தான். பாதியாக வெட்டியது 7 முதல் 8 நிமிடம், ஆவி தானே இறங்கட்டும். 3 செ.மீ. துண்டுகளுக்கு 4 நிமிடம் போதும், ஆனால் உடனே ஆவியை வெளியேற்றிவிட வேண்டும், விட்டுவைத்தால் குழையும். 7 செ.மீ.க்கு மேற்பட்ட கிழங்கை முழுசாகப் போடவே வேண்டாம், பாதியாக்குங்கள்.

கறிபாப் உள்ளே வைக்கச் சோளமுத்து அளவில் நறுக்கிய கிழங்குக்குக் குக்கரே தேவையில்லை. அழுத்தம் ஏறி இறங்குவதற்குள் அது சாந்தாகிவிடும். இட்லிச் சட்டியில் துணி விரித்து 8 முதல் 10 நிமிடம் ஆவி காட்டினால் துண்டு துண்டாக நிற்கும்.

அழுத்தத்தை அவசரமாக இறக்கினால் முழுக் கிழங்கு ஏன் வெடிக்கிறது என்று பலர் கேட்பார்கள். கிழங்குக்குள் இருக்கும் தண்ணீரும் 120 டிகிரியில்தான் இருக்கிறது. வெளியே அழுத்தம் சட்டென்று விழுந்தால் அந்தத் தண்ணீர் கிழங்குக்குள்ளேயே ஆவியாகிப் பொங்கும். தோல் பிளந்து சதை பிதுங்குவது அதனால்தான். மசிக்கப் போகிறோம் என்றால் கவலையில்லை. முழுசாகப் பிரட்டலில் போடுவதாக இருந்தால் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

திறந்ததும் கிழங்கைத் தட்டிலேயே, மூடாமல், ஐந்து நிமிடம் விடுங்கள். எடுத்தவுடன் தோலுரித்த கிழங்கு ஈரத்தில் மினுமினுக்கும். நிமிடங்கள் போகப் போக அந்த மினுப்பு மங்கி, மேற்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக, உலர்ந்து தெரியும். அந்த வெள்ளை வந்த பிறகு மசித்தால் போண்டாவும் பெர்கெடிலும் எண்ணெய் குடிக்காது. மழை நாளில், காற்றில் ஈரம் அதிகம் இருக்கும்போது, உலர இன்னும் கொஞ்சம் நேரமாகும். அவசரமென்றால் மசித்ததை வாணலியில் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். மாவு சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மசிப்பதும் சூடாக இருக்கும்போதே, கையாலோ முள்கரண்டியாலோ. பிளெண்டரில் போட்டால் செல்கள் உடைந்து மாவுச்சத்து வெளியே கொட்டிப் பசையாகிவிடும். ஒருமுறை பசையானதை எதனாலும் திருப்ப முடியாது.

கிழங்கு சரியில்லையா, கை சரியில்லையா

மலேசியாவில் நாம் சமைக்கும் உருளைக்கிழங்கில் பெரும்பகுதி இறக்குமதி. கடையில் ஹாலந்து கிழங்கு, சைனா கிழங்கு, அமெரிக்க ரஸ்ஸட் என்று பெயர் போட்டிருப்பார்கள். பெயரைவிட முக்கியம் அது மாவுக் கிழங்கா, கெட்டிக் கிழங்கா என்பது. ரஸ்ஸட் மாவு வகை, வெந்ததும் உதிரும், கட்லட்டுக்கும் பூரி மசாலாவுக்கும் அருமை. கோழிக் கறியிலும் ஆட்டுக் கறியிலும் போட்டால் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். கறிக்குச் சதை மஞ்சளாக, தோல் மெல்லிசாக இருக்கும் கெட்டி வகையே நல்லது.

எது என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. எந்தக் கரண்டியோ கப்போ ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் கலந்து கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு, மிதந்தால் கெட்டிக் கிழங்கு. மாவுச்சத்து அதிகமுள்ளது கனமாக இருக்கும் என்பதே காரணம்.

எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாத கிழங்கு என்று ஒன்று உண்டு. அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று புளிப்பு. புளித்தண்ணீரிலும் தக்காளிச் சாற்றிலும் பெக்டின் எளிதில் கரையாது. சாம்பாரில் புளியை ஊற்றிய பிறகு பச்சைக் கிழங்கைப் போட்டால் அரை மணி நேரம் கொதித்தும் கடுக்கும். கிழங்கை முதலில் ஆவியில் வேகவைத்து, புளியின் பச்சை வாசம் போனபின் சேர்த்தால் பிரச்சினையே இல்லை. குக்கர் கறுக்காமல் இருக்கப் புளி போட்ட தண்ணீரில் கிழங்கை முக்கி வேகவைக்கக்கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான். அதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: சாலட்டுக்குத் துண்டு உடையாமல் இருக்கவேண்டும் என்றால் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் விடுங்கள்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அடுப்பில் வைத்துச் சிறிது நேரத்தில் கேஸ் தீர்ந்துபோகிறது. புதுத் தோங் (கேஸ் சிலிண்டர்) வந்து சேர அரை மணி நேரம். குக்கர் வெதுவெதுப்பாக அப்படியே நிற்கிறது. பிறகு மாட்டி வேகவைத்தால் கிழங்கு வேகவே மாட்டேன் என்கிறது. 55 முதல் 70 டிகிரிக்குள் கிழங்கு இருபது முப்பது நிமிடம் இருந்துவிட்டால், அதிலுள்ள ஒரு நொதி பெக்டினை மாற்றி, கிழங்கில் இருக்கும் கால்சியத்தோடு பிணைத்துவிடும். அந்தப் பிணைப்பு பிறகு கொதிநிலையிலும் லேசில் அவிழாது. தோங் தீர்ந்த நாளில் மூடியைத் திறந்து கிழங்கை வெளியே எடுத்து ஆறவிடுங்கள், புதுத் தோங் வந்ததும் கொதிக்கும் ஆவியில் புதிதாக வையுங்கள். கறியில் உருவம் கலையாமல் நிற்கவேண்டிய கிழங்குக்கு இதே வழியை வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு.

வெந்து ஆறியபின் கிழங்கின் ஒரு முனை சாம்பல் நிறமாக மாறினால் பயப்படவேண்டாம். கிழங்கிலுள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்து காற்றுப் பட்டு நிறம் மாறுவது அது. கொடியில் ஒட்டியிருந்த முனையில்தான் பெரும்பாலும் வரும். சாப்பிடலாம். பச்சை நிறம் மட்டும் வேறு விஷயம். கடை வாசலில் வெயில் வெளிச்சம் பட்டு வைத்திருந்த கிழங்கில் பச்சை ஏறும், கூடவே சோலனைன் என்ற நச்சும் கூடும். 120 டிகிரி குக்கர் சூட்டிலும் அது அழியாது. லேசாகப் பச்சை இருந்தால் தோலோடு தடிமனாகச் சீவி எறியுங்கள். உள்ளே வரை பச்சையோ, வாயில் கசப்போ தெரிந்தால் முழுக் கிழங்கையும் தூக்கிப்போடுங்கள். முளையையும் அடியோடு தோண்டி எடுக்கவேண்டும்.

நம் ஊர் வெக்கைக்குக் கிழங்கு சீக்கிரம் முளைவிடும். அதற்காகக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாக மாறும். வேகவைத்துக் கறியில் போட அது பெரிய குறையில்லை, லேசாக இனிக்கும். பொரிக்கப் போனால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காகிதப் பையில், வெளிச்சம் படாத இடத்தில், வெங்காயத்தோடு சேர்க்காமல் வைப்பதே நல்லது.

மலையிலும் மின்சாரத்திலும்

சுங்கை சிப்புட்டில் வைக்கும் கணக்கு கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரருக்குப் பொருந்துமா? அங்குள்ள தானா ராத்தா ஊர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். அங்கே திறந்த சட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிழங்கு சட்டியில் வேக அங்கே நேரம் கூடப் பிடிப்பது அதனால்தான். குக்கரில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்றுதான் கணக்குப் பார்க்கும். மலையில் உள்சூடு இரண்டு மூன்று டிகிரி மட்டுமே குறையும். முழுக் கிழங்குக்கு இரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டால் தீர்ந்தது. மலையில் குக்கர் கீழே இருப்பதைவிட அதிக உபயோகம் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது.

இப்போது தமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பரவிவரும் மின்சாரக் குக்கருக்கு விசில் கிடையாது. அதன் அழுத்தமும் சற்றுக் குறைவாகவே இருக்கும், ஆகையால் மேலே சொன்ன நிமிடங்களோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டவேண்டும். 12 நிமிடம் என்பது 16 ஆகும். அதன் அடி கனமானது, சூடு சீக்கிரம் இறங்காது. அழுத்தம் தானே இறங்குவதற்கு அடுப்புக் குக்கரைவிட நேரம் ஆகும், அந்த நேரத்திலும் வெந்துகொண்டே இருக்கும். வெட்டிய துண்டு என்றால் நேரம் முடிந்ததும் ஆவியை விடுவிப்பது அவசியம். அடுப்புக் குக்கரை அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரில் காட்டுவது போல மின்சாரக் குக்கரில் செய்யக்கூடாது.

விறகடுப்பில் குக்கர் வைக்கும் வீடுகள் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. தணலில் வைக்கலாம், கொழுந்துவிட்டு எரியும் தீயில் வைக்கக்கூடாது. பக்கவாட்டில் ஏறும் தீநாக்கு கைப்பிடியையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் சுட்டுவிடும். சிறு தீ வைக்க முடியாததால் முழுக் கிழங்குக்கு விறகடுப்பு தோதுப்படாது, வெட்டிய துண்டே சரி.

ரப்பர் வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது, அதுவும் ரப்பரால் வளர்ந்த இந்த வட்டாரத்தில். பக்கத்துக் கோலகங்சாரில்தான் 1877இல் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அந்தப் பாலின் குணம் நம் பெரியவர்களுக்குத் தெரியாததல்ல: சூட்டிலும் எண்ணெயிலும் ரப்பர் கெடும். இன்று கடையில் கிடைக்கும் வளையங்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பர் அல்லது சிலிக்கோன். அவையும் தொடர்ந்த சூட்டில் கெட்டிப்படும், சுருங்கும். குக்கரின் விளிம்பில் ஆவி கசிந்தாலோ, வெயிட் தூக்க முன்னைவிட நேரம் பிடித்தாலோ, முதலில் சந்தேகிக்கவேண்டியது அந்த வளையத்தைத்தான். இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள். மடித்த இடத்தில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கசியும் வளையத்தைத் திருப்பிப் போட்டும், மாவு தடவியும் ஓட்டுவதால் தண்ணீர்தான் வற்றும். மாற்றப் போகும்போது பழைய வளையத்தையும் குக்கரின் பெயர், லிட்டர் அளவு எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள். ஈப்போ லிட்டில் இந்தியா பாத்திரக் கடையானாலும் வேறு எந்த ஊர்க் கடையானாலும், ஒரே விட்டம்போலத் தெரியும் வளையங்கள் தடிமனில் வேறுபடும்.

ஒவ்வொரு முறையும் கழுவும்போது வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவித் துடைத்து, மூடியில் மாட்டாமல் தனியாகத் தொங்கவிடுங்கள். குக்கரையும் மூடிப் பூட்டி வைக்காமல், மூடியைக் கவிழ்த்து வையுங்கள். அழுத்திய நிலையிலேயே கிடக்கும் ரப்பர் சீக்கிரம் தட்டையாகிவிடும்.

முதல் நாளே வேகவைப்பவர்களுக்கு

தீபாவளிக் காலையில் நேரம் கிடைக்காது என்று முந்திய இரவே கிழங்கை வேகவைத்து வைப்பது நல்ல யோசனை. ஆறிய கிழங்கில் உப்பியிருந்த மாவுச்சத்து திரும்ப இறுகும். அதனால் மறுநாள் நறுக்கினால் ஓரம் உடையாமல் வரும், பொரியலும் பிரட்டலும் ஒட்டாமல் உதிரியாக நிற்கும். தோலுரிக்காமல், உலர்ந்தபின் மூடிய டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும். மேசை மேல் இரவு முழுக்க விடக்கூடாது. 30 டிகிரி வெக்கையில் வெந்த கிழங்கு கிருமிகளுக்கு நல்ல இடம், இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் போய்விடவேண்டும். பூரி மசாலாவுக்கு மட்டும் முதல் நாள் கிழங்கு அவ்வளவு சிறப்பாக வராது, இறுகிய மாவு சரியாகக் குழையாது. அதற்கு அன்றைக்கே வேகவைத்துச் சூட்டோடு உடைத்துப் போடுவதே சரி. முதல் நாள் கிழங்குதான் இருக்கிறது என்றால், தோலுரித்து மறுபடியும் ஐந்து நிமிடம் ஆவி காட்டி, சூடு ஆறும் முன் உடையுங்கள்.